சினைப்பைப் புற்றுநோய்க்கான புது மருந்து டிரையல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சினைப்பைப் புற்றுநோய் என்று எழுதினாலும் வீட்டில் எல்லோரும் சொல்வது ஓவரி கேன்சர் என்றுதான். "ஒரு டிரையல் இருக்கிறது, சேர்கிறீர்களா?" என்று டாக்டர் கேட்டதும் குடும்பத்தில் எழும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். பதில்கள் பெரும்பாலும் ஹை கிரேட் சீரஸ் என்ற வகையைப் பற்றியவை. அதிகம் பேருக்கு வருவது அதுதான். சட்டம், செலவு பற்றிய பதில்கள் இந்திய விதிகளை ஒட்டியவை.

1. டிரையல்னா என்ன? எங்கம்மாவை வெச்சுப் பரிசோதனை பண்ணிப் பாக்கப் போறாங்களா?

இந்தப் பயம் நியாயமானது. ஒரு புது மருந்தைப் பற்றி மூன்று கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பதுதான் டிரையல். எந்த அளவு வரை உடம்பு தாங்கும் என்று பார்ப்பது முதல் கட்டம். அந்த அளவில் கட்டி சுருங்குகிறதா என்று பார்ப்பது இரண்டாம் கட்டம். இப்போது கொடுக்கும் மருந்தைவிட இது மேலா என்று நூற்றுக்கணக்கானவர்களை இரு அணியாகப் பிரித்து ஒப்பிடுவது மூன்றாம் கட்டம். இன்று எல்லா ஊரிலும் ஏற்றுகிற கார்போபிளாட்டின், பக்லிடாக்சல் டிரிப்பும் இந்த வழியாக வந்ததுதான். பக்லிடாக்சலுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1992-ல் முதன்முதலாக அனுமதி கொடுத்ததே ஓவரி கேன்சருக்காகத்தான்.

அதனால் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது "இது எத்தனையாவது கட்டம்?" என்பதே. முதல் கட்டத்தில் சேருபவருக்குக் கிடைக்கும் டோஸ் பலன் தராத அளவுக்குக் குறைவாகவும் இருக்கலாம். மூன்றாம் கட்டத்துக்கு வந்த மருந்தைப் பற்றி ஏற்கெனவே நிறையத் தெரிந்திருக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

2. டிரையல்னு சொன்னாலே இனிமே வேற வழி இல்லைன்னு அர்த்தமா?

இல்லை. ஓவரி கேன்சர் சிகிச்சையைப் பெரிதும் மாற்றிய சோலோ-1 டிரையலில் சேர்ந்தவர்கள் நோய் புதிதாகக் கண்டறியப்பட்டு, அப்போதுதான் முதல் கீமோவை நல்ல பலனோடு முடித்தவர்கள். மொத்தம் 391 பேர், எல்லோருக்கும் பிராக்கா மரபணுவில் கோளாறு (அது என்ன என்பது 4-ஆம் கேள்வியில்). ஓலாபரிப் மாத்திரை 300 மில்லிகிராம் வீதம் தினமும் இரண்டு வேளை, இரண்டு ஆண்டுகள் வரை. 2018-ல் முடிவு வந்தபோது, மூன்று ஆண்டுகள் கழித்தும் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் மாத்திரை அணியில் நூற்றுக்கு 60 பேர், மருந்தில்லாத டம்மி மாத்திரை வாங்கிய அணியில் 27 பேர்.

கடைசி நேரத்துக்கு என்று டிரையலை ஒத்திவைப்பதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு. ஏன் என்பது 6-ஆம் கேள்வியில்.

3. டம்மி மாத்திரையைக் குடுத்து ஏமாத்திட்டா?

டம்மி மாத்திரை என்றால் சிகிச்சையே இல்லை என்று அர்த்தமில்லை. அன்றைய வழக்கமான சிகிச்சை எதுவோ அது இரு அணிக்கும் கிடைக்கும். சோலோ-1 நடந்த காலத்தில் கீமோ முடிந்த பின் பெரும்பாலும் எதுவும் கொடுக்காமல் கவனித்துவருவதுதான் வழக்கம். அதனால் அங்கே டம்மி மாத்திரை நியாயமாக இருந்தது. திரும்பிய நோய்க்குக் கீமோவின் இடத்தில் புது மருந்தைச் சோதிக்கும் டிரையலில் இப்படிச் செய்ய மாட்டார்கள். ஒரு பக்கம் புது மருந்து, மறுபக்கம் டாக்டர் தேர்ந்தெடுக்கும் கீமோ என்று இருக்கும்.

எந்த அணி என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். டாக்டராலும் மாற்ற முடியாது. சில டிரையல்களில் புது மருந்துக்கு இரண்டு பேர், ஒப்பீட்டுக்கு ஒருவர் என்ற விகிதம் இருக்கும் (சோலோ-1 அப்படித்தான்). யாருக்கு எது என்பது மறைத்து வைக்கப்பட்டிருந்தாலும், உயிருக்கு ஆபத்தான பக்கவிளைவு வந்தால் உடனே திறந்து பார்க்க வழி உண்டு. அந்த அவசரத் தொலைபேசி எண் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. பிராக்கா டெஸ்ட், ஹெச்ஆர்டி டெஸ்ட்னு ஏகப்பட்டது எழுதித் தர்றாங்க. எல்லாம் எதுக்கு?

நம் செல்லுக்குள் டிஎன்ஏ ஏணியின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் அறுந்தால் அதைப் பிழையில்லாமல் ஒட்டுகிற வேலையில் பிராக்கா மரபணுக்களுக்கு முக்கியப் பங்கு. அந்த வேலை கெட்ட கட்டி, பார்ப் என்ற இன்னொரு பழுதுபார்க்கும் என்சைமை நம்பிப் பிழைக்கிறது. ஓலாபரிப், நிராபரிப் போன்ற மாத்திரைகள் அந்த என்சைமை முடக்குகின்றன. பழுதுபார்க்க வழியில்லாமல் கட்டியின் செல் சாகிறது. பிராக்கா சரியாக இருந்தும் அதே பழுதுபார்க்கும் வேலை வேறு காரணத்தால் கெட்டிருக்கிறதா என்று பார்ப்பது ஹெச்ஆர்டி டெஸ்ட்.

பிராக்காவை ரத்தத்திலும் பார்க்கலாம், கட்டியிலும் பார்க்கலாம். ரத்தத்தில் இருந்தால் அது பிறப்பிலேயே வந்தது. மகள், மகன், அக்கா, தங்கை யாருக்கும் அது இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. கட்டியில் மட்டும் இருந்தால் குடும்பத்துக்குக் கவலை இல்லை. ஹெச்ஆர்டிக்குக் கட்டித் துண்டு கட்டாயம் வேண்டும்.

அந்தத் துண்டு இருக்கும் இடம்தான் "பிளாக்". சிறிய பிளாஸ்டிக் கூட்டில் மெழுகு ஊற்றி, நடுவில் நகக்கண் அளவு திசு பதிந்திருக்கும். ஓரத்தில் பயாப்சி எண் எழுதியிருக்கும். முதலில் ஆபரேஷன் செய்த மருத்துவமனையின் பத்தாலஜி லேபில்தான் அது இருக்கும், உங்கள் ஃபைலில் இருக்காது. டிரையலுக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்ன பிறகு தேடப் போனால் வாரக்கணக்கில் நாள் போகும். முன்கூட்டியே கடிதம் கொடுத்து வாங்கி, குளிர்ந்த, வெயில் படாத இடத்தில் வையுங்கள். கோடையில் கார் டேஷ்போர்டில் வைத்து மெழுகு இளகினால் பிறகு அதைச் சீவ முடியாது. இன்னொரு சிக்கல்: சிலருக்கு வயிற்று நீரை மட்டும் உறிஞ்சிப் பார்த்துவிட்டு கீமோ தொடங்கிவிடுவார்கள். அந்த நீரை மெஷினில் வேகமாகச் சுற்றி அடியில் படிந்ததை "செல் பிளாக்" ஆகச் செய்து வைக்கச் சொன்னால் பிறகு உதவும். சொல்லாவிட்டால் மிச்ச நீர் கொட்டப்பட்டுவிடும்.

5. "பிளாட்டினம் ரெசிஸ்டன்ட்"னு ஃபைல்ல எழுதியிருக்கு. அப்படின்னா?

கார்போபிளாட்டின், சிஸ்பிளாட்டின் இரண்டும் பிளாட்டினம் மருந்துகள். கடைசி பிளாட்டினம் டிரிப் ஏறிய தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பினால் ரெசிஸ்டன்ட், அதற்குப் பிறகு என்றால் சென்சிட்டிவ். எண்ணத் தொடங்குவது கடைசி டிரிப்பிலிருந்து. நோய் கண்டுபிடித்த நாளோ ஆபரேஷன் நாளோ கணக்கில் வராது. கடைசி டிரிப் தேதி டிஸ்சார்ஜ் சம்மரியில் தவறாக இருந்ததால் வேறு பிரிவில் போய் விழுவதும் நடக்கும். டிரிப் ஏற்றிய நாளின் சீட்டைப் பார்த்துச் சரிபாருங்கள்.

6. நாங்க சேரத் தயாரா இருந்தோம். அவங்கதான் "எலிஜிபிள் இல்லை"ன்னுட்டாங்க. ஏன்?

பெரும்பாலும் காரணம் இந்த நான்கில் ஒன்று. முதலாவது, காலக்கெடு. சோலோ-1-ல் கடைசி கீமோ முடிந்து எட்டு வாரத்துக்குள் சேர வேண்டும். ஒன்பதாவது வாரம் போனால் முடியாது. இரண்டாவது, இதுவரை எத்தனை "லைன்" சிகிச்சை. நோய்க்கு ஒவ்வொரு முறை புதிதாகத் தொடங்கும் சிகிச்சையும் ஒரு லைன். மிராசோல் டிரையல் (8-ஆம் கேள்வியில் வரும்) ஒன்று முதல் மூன்று லைன் வரை முடித்தவர்களைத்தான் எடுத்தது. "டிரையலுக்கு முன்னாடி இன்னொரு கீமோ போட்டுப் பாக்கலாமே" என்று ஏற்றும் ஒரு டிரிப்கூட லைன் எண்ணிக்கையைக் கூட்டிவிடலாம். புது டிரிப் ஏறிவிட்டால், அது உடம்பை விட்டுக் கழிய மூன்று, நான்கு வாரம் காத்திருக்கவும் சொல்வார்கள்.

மூன்றாவது, ரத்தம். பல டிரையல்களில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு 1,500-க்கு மேல், பிளேட்லெட் ஒரு லட்சத்துக்கு மேல், கிட்னி, லிவர் அளவுகள் வரம்புக்குள் இருக்க வேண்டும். கீமோவால் குறைந்திருந்தால், இன்னும் ஒரு வாரம் தள்ளி எடுக்கும்போது அதே ரத்தம் தேறிவிடுவது உண்டு. மறுமுறை எடுக்க அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். நான்காவது, குடல் அடைப்பு. மாத்திரை டிரையலில் இது இருந்தால் சேர்ப்பது அரிது. உள்ளே போன மாத்திரை உறிஞ்சப்படும் என்று சொல்ல முடியாது.

இந்தப் பக்கத்தில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: ஸ்கேனில் நோய் திரும்பியது தெரிந்த அன்று, அடுத்த டிரிப்புக்குத் தேதி போடும் முன், "இப்போது எங்களுக்குப் பொருந்தும் டிரையல் ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

7. பேப்பர்ல "நோய் வளரும் அபாயம் 70 சதவீதம் குறைந்தது"ன்னு போட்டிருக்கு. அப்போ 70 சதவீதம் பேருக்குக் குணமாகும்தானே?

இல்லை. அது சோலோ-1-ன் எண். டம்மி அணியோடு ஒப்பிடும்போது, எந்த ஒரு நேரத்திலும் நோய் வளரும் அல்லது இறக்கும் வேகம் அந்த அளவு குறைந்தது என்று பொருள். எண்ணிக்கையாகப் பார்க்க வேண்டுமானால் 2-ஆம் கேள்வியில் சொன்ன 60, 27 என்ற எண்களைப் பாருங்கள்.

இங்கே இரண்டு அளவுகோல்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். நோய் வளராமல் போன காலம் ஒன்று, மொத்த ஆயுள் மற்றொன்று. முதலாவது நீண்டால் இரண்டாவதும் நீளும் என்று நாமாகவே நினைத்துக்கொள்கிறோம். அது எப்போதும் நடப்பதில்லை. சோலோ-1-ல் ஏழு ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் மாத்திரை அணியில் நூற்றுக்கு 67 பேர், டம்மி அணியில் 46 அல்லது 47 பேர். டம்மி அணியில் பலர் பின்னால் இதே வகை மாத்திரையைச் சாப்பிட்ட பிறகும் இந்த வேறுபாடு. ஆனால் நிராபரிப்பைச் சோதித்த ப்ரைமா டிரையலில், ஹெச்ஆர்டி உள்ளவர்களுக்கு நோய் வளராத காலம் 10.4 மாதத்திலிருந்து 21.9 மாதமாக உயர்ந்தும், 2024-ல் வந்த இறுதி முடிவில் மொத்த ஆயுளில் வேறுபாடு தெரியவில்லை.

இன்னும் கூர்மையான உதாரணம் ஏரியல்-4. பலமுறை நோய் திரும்பிய பிராக்கா நோயாளிகளுக்கு இதே வகை மாத்திரையான ரூகாபரிப் ஒரு பக்கம், கீமோ மறுபக்கம். நோய் வளராத காலம் ரூகாபரிப் அணியில்தான் நீண்டது. ஆயுளோ அந்த அணியில் 19.4 மாதம், கீமோ அணியில் 25.4 மாதம். இதைப்போன்ற தகவல்கள் வந்த பிறகு, 2022-ல் ரூகாபரிப், ஓலாபரிப், நிராபரிப் மூன்றையும் கீமோவுக்குப் பதிலாகப் பிந்தைய லைன்களில் கொடுக்கும் அனுமதியை அமெரிக்காவில் நிறுவனங்களே திரும்பப் பெற்றன. முதல் கீமோவுக்குப் பின் நோயைக் கட்டுக்குள் வைக்கக் கொடுப்பது வேறு விஷயம், அது இன்றும் தொடர்கிறது. எந்த டிரையல் செய்தியைப் பார்த்தாலும், நீண்டது இந்த இரண்டில் எது என்று முதலில் தேடுங்கள்.

8. கண்ணைப் பாதிக்கற ஊசின்னு சொல்றாங்களே, அது என்ன மருந்து?

மிர்வெடுக்ஸிமாப் சொரவ்டான்சின். கட்டிச் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஃபோலேட் ரிசெப்டார் ஆல்ஃபா என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியின் முதுகில் கீமோ விஷத்தைக் கட்டி அனுப்புகிறார்கள். பிளாட்டினம் ரெசிஸ்டன்ட் நோயில், 453 பேர் சேர்ந்த மிராசோல் டிரையலில், கீமோ அணியில் 12.75 மாதமாக இருந்த ஆயுள் இதில் 16.46 மாதம். இந்தப் பிரிவில் ஆயுளை நீட்டிய மருந்து அதற்கு முன் அரிது. 2024 மார்ச்சில் எஃப்டிஏ முழு அனுமதி கொடுத்தது.

இதே மருந்து 2019-ல் ஃபார்வர்டு-1 என்ற மூன்றாம் கட்ட டிரையலில் தோற்றது. அங்கே ரிசெப்டாரை எண்ணிய முறை தளர்வாக இருந்ததால் பலன் கிடைக்க வாய்ப்பில்லாதவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். பிறகு, கட்டிச் செல்களில் குறைந்தது 75 சதவீதத்தில் ரிசெப்டார் அழுத்தமாக இருந்தால்தான் சேர்ப்போம் என்று கறாராக்கினார்கள், மருந்து ஜெயித்தது. பிளாக் கையில் இருக்க வேண்டும் என்று 4-ல் வற்புறுத்தியதற்கு இதுவும் காரணம்.

கண் மங்கல், கருவிழிப் புண் பலருக்கு வரும், டோஸைத் தள்ளினாலோ குறைத்தாலோ பெரும்பாலும் சரியாகும். தொடங்கும் முன் கண் டாக்டர் பார்க்க வேண்டும், முதல் எட்டு சுற்றில் ஒன்றுவிட்டு ஒரு சுற்றுக்கு மறுபடி. ஊசிக்கு முந்தின நாளிலிருந்து நான்காம் நாள் வரை ஸ்டீராய்டு சொட்டு தினமும் ஆறு தடவை, ஐந்திலிருந்து எட்டாம் நாள் வரை நான்கு தடவை. ஈரப்பதச் சொட்டு தினமும் நான்கு தடவையாவது. இரண்டு சொட்டுக்கும் நடுவே பத்து நிமிடம் விட வேண்டும். உடனே விட்டால் முதல் சொட்டு வழிந்து வீணாகிவிடும். பேத்தி கையில் ஒரு அட்டவணை எழுதிக் கொடுத்துவிட்டால் தவறாது.

9. பக்கத்து வீட்டு அக்காவுக்கு இம்யூனோதெரபி குடுத்தாங்க. நமக்கு ஏன் இல்ல?

இம்யூனோதெரபி என்பது உடம்பின் எதிர்ப்பு சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் மருந்து. அவருக்குக் கேன்சர் நுரையீரலிலோ கிட்னியிலோ இருந்திருக்கலாம். புதிதாகக் கண்டறிந்த ஓவரி கேன்சரில் அவெலுமாப் சேர்த்த ஜாவெலின் ஓவேரியன் 100, அடிசோலிசுமாப் சேர்த்த ஐமேகின்-050 இரண்டுமே பலன் காட்டவில்லை. பிளாட்டினம் ரெசிஸ்டன்ட் நோயில் வாரந்தோறும் பக்லிடாக்சலோடு பெம்ப்ரோலிசுமாப் சேர்த்த கீநோட்-பி96 மட்டும் 2025-ல் நல்ல முடிவைத் தந்தது. ஆகவே எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே பதில்.

10. சிஏ-125 ஏறிக்கிட்டே போகுது. டிரையல்ல மருந்தை மாத்த மாட்டேங்கறாங்களே?

சிஏ-125 என்பது ஓவரி கேன்சரின் போக்கைக் கவனிக்க ரத்தத்தில் அளக்கும் ஒரு புரதம். ஆனால் டிரையல்களில் பெரும்பாலும் முடிவு சொல்வது ஸ்கேன்தான். முதல் ஸ்கேனில் அதிகபட்சம் ஐந்து கட்டிகளைத் தேர்ந்து நீளங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை 60 மில்லிமீட்டர் என்று வையுங்கள். 42-க்கோ அதற்குக் கீழோ இறங்கினால், அதாவது குறைந்தது 30 சதவீதம் இறங்கினால், பலன் என்று கணக்கு. 40 வரை இறங்கிய பிறகு மறுபடி ஏறினால், அந்த 40-லிருந்து 20 சதவீதம் கூடி 48-ஐத் தொட்டால்தான் நோய் வளர்ந்ததாக எழுதுவார்கள். புதுக் கட்டி தெரிந்தால் உடனே எழுதுவார்கள். அதனால் ஒவ்வொரு ஸ்கேனும் அதே மெஷினில், அதே முறையில் எடுப்பது நல்லது.

சிஏ-125 எண்ணை மட்டும் பார்த்து அவசரப்படுவதால் லாபம் இல்லை என்பதும் டிரையலில் பார்த்ததுதான். 2010-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், முதல் சிகிச்சை முடிந்து நலமாக இருந்தவர்களுக்கு எண் ஏறியவுடனே கீமோ தொடங்கியவர்களும், தொந்தரவோ அறிகுறியோ வந்த பின் தொடங்கியவர்களும் ஒரே அளவு காலம்தான் வாழ்ந்தார்கள். வயிறு வீங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

11. மாத்திரைதானே, பக்கவிளைவு பெரிசா இருக்காதே?

இருக்கும். நிராபரிப்பில் பிளேட்லெட் விழும். ப்ரைமாவில் முதலில் எல்லோருக்கும் 300 மில்லிகிராம் கொடுத்தார்கள். பிறகு 77 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும், பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்குக் குறைந்தவர்களுக்கும் 200 என்று நடுவிலேயே மாற்றினார்கள். நம் பெண்களில் பெரும்பாலானோர் 77 கிலோவுக்கு உள்ளேதான். முதல் மாதம் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும். ஓலாபரிப்பில் ரத்தசோகை, குமட்டல், அசதி. நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குப் பின்னாளில் எலும்பு மஜ்ஜைக் கோளாறோ ரத்தப் புற்றுநோயோ வருவதும் உண்டு. சம்மதப் படிவத்தில் இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

12. கூடவே சித்த மருந்து சாப்பிடலாமா? ஒரு வேளை மறந்துட்டா?

டிரையல் டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம். ஓலாபரிப்பைக் கல்லீரலில் சிதைக்கும் என்சைமை ஃப்ளுகோனசோல், கிளாரித்ரோமைசின் தடுக்கும், மருந்து ரத்தத்தில் ஏறிவிடும். டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான ஃபெனிடாயினும் எதிர்மாறாக மருந்தைக் கரைத்துவிடும். கிரேப்ஃப்ரூட் கூடாது என்று படிவத்தில் இருக்கும், அதன் நெருங்கிய இனமான பம்ப்ளிமாஸையும் தவிருங்கள். மூலிகைப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாதபோது, ரத்த அளவு குழம்பினால் காரணம் கண்டுபிடிக்க முடியாது.

மறந்த வேளையை அடுத்த வேளையோடு சேர்த்து இரட்டையாகப் போட வேண்டாம். மறந்ததை டைரியில் மறந்ததாகவே எழுதுங்கள். காலி அட்டைகளைத் தூக்கிப் போடாமல் திரும்பக் கொண்டுபோங்கள், எண்ணிப் பார்ப்பார்கள்.

13. செலவு யாருது? ஏதாவது ஆயிட்டா யார் பொறுப்பு?

சோதிக்கும் மருந்தும், டிரையலுக்காக மட்டும் செய்யும் டெஸ்டுகளும் பெரும்பாலும் நிறுவனத்தின் செலவு. வழக்கமான கீமோ, ஆபரேஷன், பஸ், ரயில் கட்டணம் யாருடையது என்பதை வாய்மொழியாகக் கேட்காமல் படிவத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் பொருந்தும். டிரையலால் பாதிப்பு வந்தால் சிகிச்சை இலவசம். கடுமையான பாதிப்பை டாக்டர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். டிரையலால் மரணம் நேர்ந்தால் இழப்பீட்டுக்குச் சூத்திரமே இருக்கிறது: எட்டு லட்சத்தை வயது எண்ணாலும் நோய் நிலை எண்ணாலும் பெருக்கி 99.37-ஆல் வகுப்பது. 65 வயதுக்கு மேல் வயது எண்ணும் 99.37-தான், ஆக அது அடிபட்டுப்போகும். ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை ஆயுள் எதிர்பார்க்கப்படுபவருக்கு நிலை எண் 1, எனவே எட்டு லட்சம். படிவத்தில் நாமினி பெயர், உறவு, முகவரி எழுத இடம் இருக்கும். அவசரத்தில் காலியாக விடாதீர்கள்.

14. கையெழுத்துப் போட்டுட்டோம். இப்போ வேண்டாம்னா விடுவாங்களா?

விட வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை, வழக்கமான சிகிச்சையும் நிற்கக் கூடாது. படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், ஒரு பிரதி உங்களுக்கு. படிக்கத் தெரியாதவருக்கு டிரையலோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும். மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டு ஸ்கேனுக்கும் ரத்தத்துக்கும் வர ஒப்புக்கொள்ளலாம். அப்படி வந்தால், நின்ற பிறகு வரும் பக்கவிளைவும் கண்ணில் படும்.

15. எங்கே தேடறது?

சிடிஆர்ஐ என்ற இந்தியப் பதிவேட்டில். 2009 ஜூன் 15 முதல் இங்கே பதிவது கட்டாயம். தேடியதும் மூன்று இடங்களைப் பாருங்கள்: ஆட்களைச் சேர்க்கிறார்களா, எந்த ஊர் மருத்துவமனைகள், கடைசியாகத் திருத்திய தேதி. ஒரு வருஷமாகத் திருத்தாத பதிவில் "சேர்க்கிறோம்" என்று இருந்தாலும் ஃபோன் செய்து உறுதிப்படுத்தாமல் கிளம்பாதீர்கள்.

16. மருந்து நல்லா கேக்குது. ஆனா டிரையல் முடியப் போகுதாம். அப்புறம் எங்க போறது?

2019 விதிகளில் இதற்கு இடம் இருக்கிறது. மருந்து பலன் தருகிறது, மாற்று வேறில்லை என்று டிரையல் டாக்டர் பரிந்துரைத்து, எத்திக்ஸ் கமிட்டி ஒப்புக்கொண்டு, நோயாளியும் எழுத்தில் சம்மதித்தால், நிறுவனம் இலவசமாகத் தொடர்ந்து கொடுக்க வேண்டும். தானாக நடக்கும் என்று இருந்துவிடாதீர்கள், பரிந்துரைக் கடிதத்தை டாக்டர் எழுதியாக வேண்டும். கையிருப்பு மாத்திரை தீர இரண்டு மாதம் இருக்கும்போதே கேளுங்கள். கமிட்டி கூடுவதற்கும், மருந்து வந்து சேர்வதற்கும் அவ்வளவு நாள் பிடிக்கலாம்.